காவல் நாய்க்குட்டியைப் பழக்கும் முறை

மதுரையிலிருந்து ராஜபாளையம் செல்லும் பெருஞ்சாலையில், ஸ்ரீவில்லிபுத்தூரை எட்டுவதற்குச் சற்று முன்னால் வரும் ஊர் கிருஷ்ணன்கோவில். இங்கிருந்து ஒரு சாலை மேற்கே பிரிந்து வத்திராயிருப்புக்குப் போகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம் நெடுகத் தென்னந்தோப்புகளும் மாந்தோப்புகளும் நிறைந்த பகுதி இது. தோப்பு வைத்திருப்பவருக்குக் காவல் என்பது ஆண்டு முழுவதும் தீராத கவலை. மாங்காய் முற்றும் பருவத்தில் இரவில் காய் போகும். மற்ற நாட்களில் தேங்காய் போகும். இவை இரண்டும் இல்லாத வேளையில் மோட்டார் அறையிலிருந்து செம்புக் கம்பி போகும். கடலையும் மக்காச்சோளமும் பயிரிட்டவருக்குக் காட்டுப்பன்றியின் தொல்லை வேறு. ஆள் வைத்துக் காவல் காப்பது சிறு குடியானவருக்குக் கட்டுப்படியாவதில்லை. ஆகவே அவர் நாயை நாடுகிறார்.

நாய்க்கு இப்பகுதியில் பஞ்சமில்லை. ராஜபாளையத்தின் பெயரையே தாங்கிய வெள்ளை நாய் பிற மாநிலங்களிலும் அறியப்பட்டது. பால் நிற உரோமம், இளஞ்சிவப்பு மூக்கு, ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள் ஆகியவை அதன் அடையாளங்கள். ஆண் நாய் தோள்வரை ஏறத்தாழ 65 முதல் 75 சென்டிமீட்டர் உயரம் வளரும். இந்திய அஞ்சல் துறை 2005 ஆம் ஆண்டு ஜனவரியில் நம் நாட்டு நாய்களுள் நான்கிற்குத் தபால் தலை வெளியிட்டபோது, ராஜபாளையமும் அவற்றுள் ஒன்றாக இடம் பெற்றது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தமது வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகிய தமிழ்நாட்டு நாய்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார்.

இத்துணைப் புகழ் பெற்ற நாய் நம் தோப்புகளில் எவ்வாறு வளர்க்கப்படுகிறது என்பதைப் பார்த்தால் மனம் வருந்துகிறது. ஒன்றரை மாதக் குட்டியை வாங்கி வந்து, மோட்டார் அறையின் பக்கத்தில் முழ நீளச் சங்கிலியில் கட்டிவிடுகிறார்கள். வேற்று முகம் பார்த்தால் நாய் சாதுவாகிவிடும் என்பது ஒரு நம்பிக்கை. சங்கிலியிலேயே கிடந்தால்தான் ரோஷம் வளரும் என்பது மற்றொன்று. ஓராண்டு கழிந்ததும் அந்த நாய் யாரைக் கண்டாலும் பாய்கிறது. பால் ஊற்ற வருபவர், தபால்காரர், பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளை, களை எடுக்க வந்த பெண்கள் ஆகிய அனைவரும் அதற்கு ஒன்றே. காற்றில் ஓலை விழுந்தாலும் அது குரைக்கிறது. எல்லாவற்றுக்கும் குரைக்கும் நாயின் குரலைக் கேட்டு எழுந்து பார்ப்பதை வீட்டார் எப்பொழுதோ நிறுத்தியிருப்பர். திருட வருபவனுக்கு இதைவிட வசதியான காவல் வேறு இல்லை. ஒரு நாள் சங்கிலி அறுகிறது. ஒரு குழந்தை கடிபடுகிறது. பஞ்சாயத்துக்குப் பிராது வருகிறது. நாய் அடித்துக் கொல்லப்படுகிறது அல்லது வண்டியில் ஏற்றி வேற்றூரில் இறக்கிவிடப்படுகிறது.

காவல் காக்கும் இயல்பு இந்த இனத்துக்குப் பிறப்பிலேயே அமைந்தது. தன் மனிதர்களிடம் ஒட்டுதலும் வேற்றாரிடம் ஒதுக்கமும் அதன் இரத்தத்தில் உள்ளவை. அவற்றை நாம் ஊட்ட வேண்டியதில்லை. வருபவருள் எவர் வழக்கமாக வருபவர், எவர் வரக்கூடாத வழியில் வரக்கூடாத நேரத்தில் வருபவர் என்று பிரித்தறிவதையே நாம் கற்பிக்க வேண்டும். நூறு பேர் வருவதைப் பார்த்துப் பழகிய நாய்க்குத்தான் நூற்றோராவது ஆளின் நடையில் உள்ள வேறுபாடு தெரியும். ஒருவரையுமே பார்த்திராத நாய்க்கு எல்லோரும் ஒன்றே.

குட்டியைத் தேர்ந்தெடுத்தல்

எட்டு வாரம் நிரம்பாத குட்டியை வாங்கலாகாது. 2017 ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளும் எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டியை விற்பதைத் தடை செய்கின்றன. நான்கைந்து வாரத்திலேயே கூடையில் வைத்து விற்பவர் உண்டு. குட்டி பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் ஐந்தாவது வாரத்துக்கும் எட்டாவது வாரத்துக்கும் இடையில்தான் குட்டிகள் ஒன்றையொன்று கடித்து விளையாடி, எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றொன்றுக்கு வலிக்கும் என்பதைக் கற்கின்றன. பலமாகக் கடித்தால் உடன்பிறப்பு கத்தி விலகும், தாய் உறுமும். அந்தப் பாடத்தைப் பெறாத குட்டி, வளர்ந்த பிறகும் வாயின் வலிமையை அளவிட்டுப் பயன்படுத்த அறியாது.

இந்த வெள்ளை இனத்தில் கவனிக்க வேண்டிய குறை ஒன்று உண்டு. சில குட்டிகளுக்குச் செவி கேளாது. உரோமத்துக்கு நிறம் தரும் உயிரணுக்கள் உள்காதிலும் இருந்தாக வேண்டும். அவை அங்கே அமையாவிட்டால், பிறந்த சில வாரங்களில் செவியின் கேட்கும் பகுதி நலிந்துவிடுகிறது. வெள்ளை உரோமமுள்ள பல நாய் இனங்களில் உலகெங்கும் காணப்படும் குறை இது. வாங்கச் செல்பவர், குட்டி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கையில், அதன் பின்னால் நின்று சாவிக்கொத்தை ஒரு முறை குலுக்கிப் பார்க்க வேண்டும். தரையில் காலை ஊன்றித் தட்டக் கூடாது. அதிர்வை உணர்ந்து குட்டி திரும்பிவிடும். கையை வீசித் தட்டினால் காற்று அசைவதை உணரும். குட்டிகள் கூட்டமாக இருக்கும்போது சோதிப்பதிலும் பயனில்லை. ஒன்று திரும்பினால் மற்றவையும் திரும்பும். தனியே எடுத்து வைத்து, இரண்டு மூன்று முறை பார்க்க வேண்டும். ஒரு காது மட்டும் கேளாத குட்டியை இம்முறையில் கண்டுபிடிக்க இயலாது. அதற்குக் கருவிச் சோதனை வேண்டும். ஆயினும் இரு காதும் கேளாத குட்டியைத் தோப்புக் காவலுக்கு வாங்கி ஏமாறுவதை இந்தச் சாவிக்கொத்தே தடுக்கும். செவி கேளாத நாயையும், அதைப் பெற்ற அதே ஜோடியையும் மீண்டும் இனப்பெருக்கத்துக்கு விடாதிருப்பது வளர்ப்பவரின் கடமை.

முகம் பழகும் காலம்

குட்டியின் வாழ்வில் மூன்றாவது வாரம் முதல் ஏறத்தாழப் பதினான்காவது வாரம் வரையுள்ள காலம் மிகவும் அரியது. அமெரிக்காவில் மெயின் மாநிலத்தின் பார் ஹார்பர் ஆராய்ச்சி நிலையத்தில் ஸ்காட், புல்லர் என்ற இரு அறிஞர்கள் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை ஆராய்ந்து, 1965 இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டனர். அதே நிலையத்தில் நடந்து, 1961 இல் வெளியான ஓர் ஆய்வில் சில குட்டிகளை வேலி சூழ்ந்த வயலில், மனித முகமே காணாதபடி பதினான்கு வாரங்கள் வளர்த்தனர். உணவுக்குக் குறைவில்லை, தாயும் உடன் இருந்தது. பதினான்காவது வாரத்தில் வெளியே எடுத்தபோது அவை காட்டு விலங்கு போல மனிதரைக் கண்டு வெருண்டன. இடையில் ஒரே ஒரு வாரம் மனிதருடன் இருந்த குட்டிகள், அதிலும் ஏழாவது வாரத்தையொட்டி எடுக்கப்பட்டவை, நன்கு பழகின. மோட்டார் அறையில் கட்டிக் கிடக்கும் நம் குட்டியும் ஏறத்தாழ அந்த வயல் குட்டியின் நிலையிலேயே இருக்கிறது.

ஆகவே எட்டாவது வாரத்தில் வீட்டுக்கு வந்த குட்டிக்கு நமக்குக் கிடைக்கும் காலம் ஆறு வாரமே. அதற்குள் அது பார்க்க வேண்டியவை பல: குடை பிடித்தவர், தலைக்கவசம் அணிந்தவர், தலையில் புல்லுக்கட்டுச் சுமந்து வருபவர், கைத்தடி ஊன்றிய முதியவர், ஓடி விளையாடும் பிள்ளைகள், உழுவண்டி, மருந்து தெளிக்கும் கருவி, எரிவாயு உருளை கொண்டு வருபவர். ஒவ்வொரு முறையும் குட்டிக்கு நல்லதாக ஒன்று நேர வேண்டும்: ஒரு துண்டு அவித்த முட்டையோ, தடவிக் கொடுத்தலோ. பயந்து பின்வாங்கினால் இழுத்துக்கொண்டு போய் நிறுத்தலாகாது. சிறிது தொலைவில் இருந்தே பார்க்க விட வேண்டும். சிவகாசி பக்கத்திலேயே இருக்கும் மாவட்டத்தில் வெடிச் சத்தத்துக்கு அஞ்சும் நாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஊர்க்கோடியில் வெடி வெடிக்கும்போதே குட்டிக்கு உணவு வைத்துப் பழக்கினால், தீபாவளி அதற்குத் துன்பமாக இராது. ஆண்டாள் தேரோட்டத்துக் கூட்டத்துக்கு மட்டும் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். பழகுவதற்கும் ஓர் அளவு உண்டு.

வீட்டு ஆடு மாடுகளையும் கோழிகளையும் இந்த ஆறு வாரத்திலேயே பழக்கிவிட வேண்டும். துருக்கியிலும் இத்தாலியிலும் ஆட்டு மந்தைகளைக் காக்கும் பெரிய நாய்கள் உண்டு. அவற்றைப் பற்றி அமெரிக்காவில் 1970களின் பிற்பகுதியிலிருந்து ஆராய்ந்த காப்பிங்கர் என்பவர், மிக இளமையிலேயே ஆடுகளுக்கிடையே வளர்ந்த குட்டிதான் பின்னர் அவற்றைத் தன் கூட்டமாகக் கருதுகிறது என்று காட்டினார். ராஜபாளையம் நாய் மந்தை நாய் இனமன்று. அதன் முன்னோர் வேட்டையாடியவை. ஓடும் எதையும் துரத்தும் துடிப்பு அதற்கு உண்டு. எனவே ஆட்டுக்குட்டிகளுக்கு அருகில் அது இருக்கும்போதெல்லாம் கைவார் நம் கையில் இருக்க வேண்டும். துரத்தத் தொடங்கும் முன்பே கவனத்தைத் திருப்ப வேண்டும். ஒரு கோழியை ஒரு முறை துரத்திப் பிடித்துச் சுவை கண்ட குட்டியைத் திருத்துவது மிகக் கடினம்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். பார்வோ என்னும் இரத்தக் கழிச்சல் நோயும் டிஸ்டெம்பர் நோயும் குட்டிகளைக் கொத்துக் கொத்தாகக் கொல்பவை. தடுப்பூசி முடியாத குட்டியை எப்படி வெளியே கொண்டு செல்வது? தூக்கிக்கொண்டு செல்வதே விடை. தெருநாய்கள் திரியும் மண்ணில் அதன் கால் படக் கூடாது. வாசற்படியிலும் வண்டியிலும் மடியிலும் இருந்து உலகத்தைப் பார்க்கலாம். இந்நோய்களுக்கான ஊசியை ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் ஆகும் வரை போட வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி மூன்றாம் மாதத்தில் போட்டு, பின்னர் கால்நடை மருத்துவர் சொல்லும் நாளிலும் ஆண்டுதோறும் திரும்பப் போடப்பட வேண்டும். குடற்புழு மருந்தை மூன்று மாதம் வரை இரு வாரத்துக்கு ஒரு முறை கொடுப்பது வழக்கம். அட்டையில் தேதிகளை எழுதி வைக்கவும். நினைவில் வைத்திருப்பதாகச் சொல்பவர் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர்.

சொல்லும் பொருளும்

ஒரு வீட்டில் தாத்தா குட்டியை "இந்தா" என்று அழைக்கிறார். மகன் "கம்" என்கிறான். பேரன் சீழ்க்கை அடிக்கிறான். தோட்ட வேலையாள் நாக்கைச் சொடுக்குகிறார். பாவம், குட்டி எதைக் கற்கும்? ஐந்து சொற்கள் போதும். ஆனால் வீட்டார் எல்லோரும் அந்த ஐந்தையே சொல்ல வேண்டும். வா, இரு, நில், விடு, போதும். இவற்றுள் முதலில் கற்பிக்க வேண்டியது "வா". பெயரைச் சொல்லி "வா" என்றதும் குட்டி ஓடி வந்தால், கையில் உள்ளதில் சிறு துண்டு கொடுக்க வேண்டும். எக்காரணம் கொண்டும் கூப்பிட்டுவிட்டு அடிக்கலாகாது. கட்டிப் போடுவதற்காகவே கூப்பிடும் வழக்கமும் ஆகாது. ஒரு முறை ஏமாந்த குட்டி அடுத்த முறை எட்டி நின்று பார்க்கும். இந்த இனம் ரோஷம் மிக்கது. அடியை நெடுநாள் மறவாது. பயிற்சி ஒரு வேளைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். காலையிலும் மாலையிலும் உணவுக்கு முன்பு வைத்துக்கொண்டால் குட்டிக்குக் கருத்து நிற்கும்.

வேற்றாளைக் காட்டி "சூ" என்று ஏவிவிடும் விளையாட்டைப் பிள்ளைகள் ஆடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். பெரியவர்களும் ஆடுகிறார்கள். கோணியைப் போர்த்திய ஒருவரைத் தடியுடன் வரச் செய்து குட்டியைச் சீண்டி ரோஷம் ஏற்றுவதும், பச்சை இறைச்சி கொடுத்தால் மூர்க்கம் வரும் என்பதும் பயனற்றவை. முன்னது கோழைத்தனத்தால் கடிக்கும் நாயை உண்டாக்கும். பின்னது வயிற்றுப்போக்கை உண்டாக்கும். உணவைப் பற்றிச் சொல்லும்போது மற்றொன்று: வீட்டுக் குழம்பில் உள்ள வெங்காயம் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களின் அன்பு பால்கோவாவாக வெளிப்படுவதும் உண்டு. அதையும் தவிர்த்தல் நலம். கேழ்வரகு அல்லது கம்பு, முட்டை, தயிர், வேகவைத்த இறைச்சி ஆகியவை நம் வீட்டிலேயே கிடைக்கும் நல்ல உணவு. வேகவைத்த எலும்பு பிளந்து குடலைக் குத்தும். அதைப் போடக் கூடாது.

ஓட்டமும் நடையும்

இந்த நாய் ஓடப் பிறந்தது என்பதை அதன் காலைப் பார்த்தாலே சொல்லலாம். அதனாலேயே நம்மில் பலர் ஒரு தவறு செய்கின்றனர். நான்கு மாதக் குட்டியைக் கயிற்றில் கட்டி, மோட்டார் சைக்கிளின் பின்னால் ஓட விடுகின்றனர். ஓடுவதைப் பார்க்கப் பெருமையாக இருக்கும். ஆனால் வளரும் நாயின் நீண்ட எலும்புகளின் நுனியில் மென்மையான குருத்துப் பகுதி உண்டு. எலும்பு நீள்வது அங்கேதான். பெரிய உடல் கொண்ட நாய்களில் அது இறுகி எலும்பாக ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை ஆகும். அதற்கு முன் கெட்டித் தரையில், தன் விருப்பமின்றி, ஒரே வேகத்தில் நெடுந்தொலைவு ஓடச் செய்தால் அப்பகுதி நசுங்கிக் கால் கோணும் அபாயம் உண்டு. மூட்டில் தேய்வும் வரலாம். வண்டியை நிறுத்தினால்தான் குட்டி நிற்க முடியும் என்ற நிலையில் எந்த ஓட்டமும் கூடாது. ஒன்றரை வயது ஆன பிறகும் இது சாலை விபத்துக்கு வழி.

கயிற்றில் பிடித்து நடத்தும் நடைக்கு, மாதம் ஒன்றுக்கு ஐந்து நிமிடம் என்று நாய் வளர்ப்போர் ஒரு கணக்குச் சொல்வதுண்டு. அதன்படி நான்கு மாதக் குட்டிக்கு ஒரு வேளைக்கு இருபது நிமிடம். ஆறு மாதத்துக்கு அரை மணி. இது கைக்கணக்குதான், குட்டி சோர்ந்து படுத்தால் கணக்கை விட்டுவிட வேண்டும். தோப்புக்குள் அவிழ்த்து விட்டபோது அது தானே ஓடி, தானே நின்று, தானே படுப்பது இக்கணக்கில் சேராது. அது எவ்வளவு கிடைத்தாலும் நல்லதே. உழுத மண்ணும் மணலும் சாலையை விட மேல்.

அந்த இருபது நிமிடத்தை எங்கே நடத்துவது என்பதுதான் இக்கட்டுரையில் வாசகர் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய செய்தி. ஊரைச் சுற்ற வேண்டாம். தோப்பின் எல்லையைச் சுற்றுங்கள். ஐந்து ஏக்கர் தோப்பு சதுரமாக இருந்தால் அதன் சுற்றளவு ஏறத்தாழ 570 மீட்டர். முகர்ந்து பார்க்க அங்கங்கே நிற்க விட்டு மெதுவாகச் சென்றால், நான்கு மாதக் குட்டிக்கு ஒரு சுற்று ஒரு வேளைக்குச் சரியாக இருக்கும். நாள்தோறும் காலையும் மாலையும் ஒரே தடத்தில், வேலியோரமாக, வாமடை, கிணறு, மோட்டார் அறை, படப்பு, வாயிற்கதவு என்ற ஒழுங்கில் நடத்துங்கள். வேலியைத் தாண்டி அடுத்தவர் நிலத்துக்குள் காலடி வைக்க விடாதீர்கள்; அங்கே சென்றால் நடை நின்றுவிடும் என்பதைக் குட்டி விரைவில் அறியும். வாயிற்கதவருகே "இரு" என்று உட்கார வைத்து, வருபவரைப் பார்க்கச் செய்யுங்கள். மூன்று மாதம் இவ்வாறு சுற்றிய குட்டிக்கு எது தன் இடம், அந்த இடத்தில் எது வழக்கமான மணம், எது புதியது என்பது நம்மைவிட நன்றாகத் தெரியும். உடலுக்கு நடையும் காவலுக்குப் பாடமும் ஒரே வேலையில் முடிகின்றன. ஆள் செலவும் மிச்சம்.

கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகளைக் குட்டிக்குக் காட்டி, அருகில் செல்லும்போதெல்லாம் "நில்" என்று நிறுத்திப் பழக்க வேண்டும். இரவில் துரத்திக்கொண்டு ஓடிக் கிணற்றில் விழும் நாய்கள் உண்டு. கண்மாயில் நீர் உள்ள காலத்தில் ஆழமற்ற கரையில் நீந்தப் பழக்குவது நல்லது. மூட்டில் பாரம் விழாத பயிற்சி அது.

நம் பகுதி வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை, வைகாசியில் காலை ஏழு மணிக்கு முன்னும் மாலை ஆறு மணிக்குப் பின்னுமே நடத்த வேண்டும். புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழெட்டு நொடி வைத்துப் பாருங்கள். நமக்குப் பொறுக்காத சூடு அதன் பாதத்துக்கும் பொறுக்காது. வெள்ளை உரோமத்தின் அடியிலுள்ள தோலும் மூக்கும் வெயிலில் வெந்து புண்ணாகும். நாய்க்கு நம்மைப் போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. அளவு கடந்து இளைத்து, எச்சில் கெட்டியாகி, நடை தள்ளாடினால் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருக்கிறது என்று பொருள். உடனே நிழலில் கிடத்தி, உடல் முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றிக் காற்றுப் படச் செய்து, மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். மார்பு ஆழ்ந்த நாய்களுக்கு வயிறு நிறைய உண்டவுடன் ஓடினால் இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. உண்டபின் இரண்டு மணி நேரமாவது ஓய்வு வேண்டும். இரவெல்லாம் விழித்த நாய் பகலில் உறங்குவதைச் சோம்பல் என்று எண்ணி எழுப்ப வேண்டாம்.

கட்டுதல், ஏவுதல், காடு

ஆறு ஏழு மாதத்தில் குட்டி வேற்றாளைக் கண்டு தானே குரைக்கத் தொடங்கும். அதை யாரும் சொல்லித் தர வேண்டுவதில்லை. முதல் இரண்டு மூன்று குரலுக்கு, நீங்கள் எழுந்து சென்று அது பார்க்கும் திசையில் பாருங்கள், தட்டிக் கொடுங்கள். பிறகு "போதும்" என்று அழைத்து அருகில் இருத்துங்கள். குரைத்தால் எசமானர் வருவார், வந்தபின் பொறுப்பு அவருடையது என்று நாய் அறிவதே நமக்கு வேண்டும். கடிப்பது அதன் வேலையன்று. ஓராண்டு நிரம்பும் வரை இரவில் தனியே தோப்பில் விடலாகாது. அது இன்னும் பிள்ளைதான்.

பகலில் கட்ட வேண்டுமாயின், இரு மரங்களுக்கிடையே தலைக்கு மேல் கம்பி இழுத்து, அதில் ஒரு வளையம் ஓடும்படி செய்து, வளையத்தில் கயிற்றைப் பிணையுங்கள். நாய் நிழலுக்கும் நீருக்கும் தானே சென்று வரலாம். 1960 ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11 ஆவது பிரிவு, அளவுக்கு மீறிக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் பிராணியை நெடுநேரம் கட்டி வைப்பதையும், எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாய்க்கு நியாயமான உடற்பயிற்சி கொடாதிருப்பதையும் குற்றமாகக் கூறுகிறது. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக உள்ள இச்சட்டம் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? உடையவரின் கவனக் குறைவால் பிராணி பிறருக்குக் கேடு விளைப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 291 ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைக்கோ 5,000 ரூபாய் வரை அபராதத்துக்கோ இரண்டிற்குமோ உரியது. இது 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது.

மலையடிவாரத் தோப்புக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காடு 1988 இல் சாம்பல் நிற மலை அணிலுக்காகச் சரணாலயமாயிற்று. 2021 இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் அமைந்தது. அங்கே சிறுத்தையும் உண்டு. இரவில் சங்கிலியில் கட்டிய நாய் சிறுத்தைக்கு வைத்த இரையே. தப்பவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது. காட்டோரத்தில் இரவு நாயை வலுவான கம்பிக் கூண்டுக்குள் விடுங்கள். குரல் கொடுக்க அது போதும். காட்டுப்பன்றியின் மேல் ஒற்றை நாயை ஏவுவது நாயைக் கொலைக்கு அனுப்புவதாகும். முயல் பிடிக்கவென்று இளைஞர்கள் நாயுடன் காட்டுக்குள் நுழைவது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதோடு, நாயின் நோயையும் காட்டுக்குள் கொண்டு போகிறது. 2018 இல் குஜராத்தின் கிர் காட்டில் இருபதுக்கு மேற்பட்ட சிங்கங்கள் மாண்டபோது அவற்றுட் பலவற்றில் டிஸ்டெம்பர் கிருமி காணப்பட்டது. தடுப்பூசி போடாத நாய் காட்டோரத்தில் திரிவதை எந்தப் பஞ்சாயத்தும் அற்பமாகக் கருதலாகாது.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் செய்யக்கூடியது அதிகச் செலவில்லாதது. வார்டு வாரியாக எந்த வீட்டில், எந்தத் தோப்பில் நாய் உண்டு, எப்போது ஊசி போடப்பட்டது என்று ஒரு பதிவேடு எழுதி வைக்கலாம். கடிபட்டவர் வந்தால், முதலில் ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவச் செய்து, தாமதமின்றி அரசு மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். மிளகாய், சுண்ணாம்பு, பச்சிலை எதுவும் காயத்தில் வைக்கலாகாது. வெறிநோய் அறிகுறி தோன்றியபின் காப்பாற்ற வழியில்லை. அறிகுறிக்கு முன்போ, ஊசி ஏறக்குறைய எப்போதும் காக்கிறது. நாயினால் பரவும் வெறிநோயை 2030 க்குள் ஒழிப்பதென மத்திய அரசு 2021 இல் செயல் திட்டம் வெளியிட்டுள்ளது. ஆண்டுதோறும் செப்டம்பர் 28 உலக வெறிநோய் நாளாகும். அதையொட்டி ஊரில் தடுப்பூசி முகாம் நடத்தித் தருமாறு அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்கு ஒரு மாதம் முன்னதாகவே பஞ்சாயத்துத் தலைவர் எழுதிக் கேட்கலாம். முகாம் அன்று நாய்களை வாய்க்கூட்டுடன் கைவாரில் பிடித்து, ஒன்றுக்கொன்று பத்தடி விட்டு நிறுத்தி, வெயில் ஏறுமுன் ஊசியை முடித்துவிட வேண்டும். கைவாரில் நடக்கப் பழகாத நாயை அந்த இடத்துக்குக் கொண்டுவருவதே பெரும்பாடு. கொண்டுவர முடியாத நாய்தான் ஊசியின்றி விடுபட்டுப் போகிறது.